அஸ்திவாரத்தில் விட்டுவிட்டு மாடியில் இடிப்பதா?

கார்டன் ரீச் என்றால் கொல்கத்தாத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம். பழைய பி.என்.ஆர். காலத்திலிருந்தே நம்மவர்களில் பல குடும்பங்களுக்கு அங்கேதான் பிழைப்பு. அந்த ஊர்ப் பெயர் 2024 மார்ச் 17-ந் தேதி நள்ளிரவுக்குப் பிறகு வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. கார்ப்பரேஷனின் 134-வது வார்டில், அசார் மொல்லா பாகான் என்ற நெருக்கமான பகுதியில், கட்டி முடியாத ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்திலிருந்த தகரக் கூரை வீடுகளின் மேல் சரிந்தது. குறைந்தது 12 பேர் மாண்டார்கள். சட்டப்படி அனுமதி பெறாமல் எழும்பிய கட்டடம் அது என்பதை அன்றைய மேயரே ஒப்புக்கொண்டார்.

இறந்தவர்களில் பலர் அந்தக் கட்டடத்தில் பிளாட் வாங்கியவர்களும் அல்ல, அதைக் கட்டியவர்களும் அல்ல. பக்கத்துக் குடிசையில் படுத்திருந்தவர்கள். விதியை மீறியவன் ஒருவன், பணம் சேர்த்தவன் இன்னொருவன், பார்த்தும் பாராமல் போனவன் மூன்றாமவன். நசுங்கியவர்களுக்கு இந்த மூவரோடும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. வீட்டைக் கட்டுகிறவரின் சொந்த விஷயத்தில் சர்க்கார் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அசார் மொல்லா பாகான் ஒன்றே போதும்.

அதன் பிறகு நடந்தவை வழக்கம் போலவே நடந்தன. புரமோட்டர் கைதானார். கார்ப்பரேஷன் இஞ்சினீயர்கள் மூவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. இது பழைய ஆட்சிக் காலத்திலிருந்து வந்த வியாதி என்று ஒரு தரப்பும், இந்த ஆட்சியில் முற்றிய வியாதி என்று இன்னொரு தரப்பும் சொல்லின. இந்த வாதத்தில் யார் ஜெயித்தாலும் தெருவில் நிற்கும் அடுத்த கட்டடத்தின் தூண் ஓர் அங்குலம்கூடப் பருக்கப் போவதில்லை.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. கார்ப்பரேஷன் சட்டம் 1980-ல் இயற்றப்பட்டு 1984 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஜாதவ்பூர், பெஹாலா பக்கம், கார்டன் ரீச் ஆகிய பகுதிகள் மாநகரத்தோடு சேர்ந்ததும் அப்போதுதான். 1990-ல் கட்டட விதிகள் வந்தன. 2009-ல் அவை புதிதாக எழுதப்பட்டன. தெரு எவ்வளவு அகலமோ அதற்குத் தக்கபடிதான் வீட்டின் உயரம் இருக்க வேண்டும், நான்கு பக்கமும் இவ்வளவு இடம் விட வேண்டும், மண்ணைப் பரிசோதிக்க வேண்டும், உரிமம் பெற்றவர் பிளானில் கையெழுத்திட வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. 401-வது பிரிவின்படி வேலையை நிறுத்தலாம். 400-வது பிரிவின்படி இடிக்க உத்தரவிடலாம். 401-ஏ பிரிவு சிறைத் தண்டனைக்கே இடம் கொடுக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, ஐந்து மாடி எப்படி எழும்பியது?

டிக்கெட் இல்லாத பிரயாணி கக்கூசுக்குள் ஒளிந்து கொள்வதுண்டு. ஐந்து மாடிக் கட்டடம் எங்கே ஒளியும்? செங்கல் வண்டி பகலில் வருகிறது. கான்கிரீட் போடுகிற நாளில் மிக்ஸர் சத்தம் நான்கு தெருவுக்குக் கேட்கிறது. மூங்கில் சாரம் மாதக்கணக்கில் நிற்கிறது. தெருவில் கடலை விற்கிறவனுக்குத் தெரிகிறது. வார்டு ஆபீசுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அதை நம்புவதற்கு நாம் தயாராக இல்லை.

இது கொல்கத்தா நகரத்தின் கதை. நகர எல்லையைத் தாண்டினால் வேறு புத்தகம். ஹௌராவுக்குத் தனிக் கார்ப்பரேஷன், தனி விதி. நியூ டவுனுக்கு வேறு விதி. மற்ற முனிசிபாலிட்டிகளுக்கு 2007-ம் வருஷத்து மாநில விதிகள். கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அவற்றின் விதிகள். பஞ்சாயத்து எல்லையில் இன்று நான்கு மாடி, ஐந்து மாடி எழும்புவதை லோக்கல் ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். அந்தப் பஞ்சாயத்து ஆபீசில் கான்கிரீட் கணக்கைச் சரிபார்க்க எத்தனை இஞ்சினீயர் இருக்கிறார்கள்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று 1970-லேயே வெளியானது. 1983, 2005, 2016 ஆகிய வருஷங்களில் திருத்தப்பட்டது. ஆனால் அது ஒரு மாதிரிதான். நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. மாநில சர்க்காரோ உள்ளாட்சியோ அதைத் தன் விதியில் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். ஆகவே மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி வேண்டும், அதை ஒரே கண்டிப்போடு அமல் நடத்த வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் நம் சொந்த மாநிலத்தின் அனுபவம் உதவும். பெருமை பேசுவதற்காக அதைச் சொல்லவில்லை. அங்கேயும் பிணங்களுக்குப் பிறகுதான் புத்தி வந்தது. சென்னை போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி 11 மாடிக் கட்டடம் ஒன்று விழுந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். கட்டடத்துக்கு அனுமதி இருந்தது. பிளான் இருந்தது. முத்திரையும் இருந்தது. காகிதம் சரியாக இருந்தும், எழுந்து நின்ற தூண்கள் பாரத்தைத் தாங்கவில்லை. அருகிலிருந்த இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது.

அதுவரை தமிழ்நாட்டிலும் முனிசிபாலிட்டிகளுக்கு 1972-ம் வருஷத்து விதி, பஞ்சாயத்துகளுக்கு 1997-ம் வருஷத்து விதி, சென்னைக்கு வேறு விதி என்றுதான் இருந்தது. 2019 பிப்ரவரியில் அவற்றுக்குப் பதிலாக மாநிலம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. பணி முடிவுச் சான்றிதழ் இல்லாமல் கரண்ட், குடிநீர் இணைப்பு கிடையாது என்ற நிபந்தனையும் வந்தது. உடனே எங்களுக்கு விலக்கு வேண்டும் என்ற மனுக்களும் வந்தன. சிறு வீடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். விலக்கு நியாயமா, அதன் எல்லை எது என்று வாதாடலாம். எந்த ஊரில் கட்டினாலும் ஒரே புத்தகத்தைப் புரட்டினால் போதும் என்ற நிலையாவது அங்கே வந்திருக்கிறது.

வங்காளத்தில் ஒரே விதி எழுதும்போது மண்ணை மறந்துவிடக் கூடாது. இது ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண், பாறை கிடையாது. குளமும் டோபாவும் நிறைந்திருந்த நிலம். மாநிலத்தின் 1984-ம் வருஷத்து உள்நாட்டு மீன்வளச் சட்டம் பின்னால் திருத்தப்பட்டு, 5 கட்டா அளவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது என்கிறது. கார்டன் ரீச்சில் விழுந்த கட்டடம் தூர்த்த குளத்தின் மேல் நின்றது என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. 2025 ஜனவரி 14-ந் தேதி பாகாஜத்தீனில் நான்கு மாடி வீடு ஒன்று சாய்ந்தபோதும் இதே பேச்சு. அது புதிதாகக் கட்டுகிற வீடு அல்ல. ஜனங்கள் குடியிருந்த வீடு. ஏற்கெனவே இறங்கிப் போயிருந்த அதை ஜாக்கி வைத்துத் தூக்கி நேராக்க முயன்றார்கள், அதுவும் கார்ப்பரேஷனிடம் சொல்லாமல். குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. சில நாட்களில் டேங்ராவில் ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் மேல் சாய்ந்து நிற்பது தெரிய வந்தது.

எல்லைக்கு அப்பால் பங்களாதேஷிலும் இதே மண், இதே குளம். டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24-ந் தேதி விழுந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மடிந்தார்கள். அதுவும் தூர்த்த குளத்தின் மேல் கட்டியது. மேல் மாடிகள் அனுமதியின்றி ஏற்றியவை. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்கு தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு அழைத்தார்கள்.

நம்மவர்கள் விஷயத்துக்கு வருவோம். ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தவர் பாக்கியசாலி. மற்றவர்கள்? ஒரு குமாஸ்தா சம்பளத்தில் லேக் மார்க்கெட் பக்கம் வாடகைக்குப் போவது ஒரு காலத்தில் முடிந்தது, இன்று முடியாது. ஆகவே சந்துக்குள் சந்தாகப் போய், நாலாவது மாடியில், லிப்ட் இல்லாமல், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நம் ஜன்னலிலிருந்து சர்க்கரை கடன் கொடுக்கக்கூடிய தூரத்தில் ஒரு பிளாட் பார்க்கிறோம். வாடகை மலிவு. ஏன் மலிவு என்று கேட்பதில்லை. கேட்டால் புரமோட்டருக்கு மூன்று பதில் தயாராக இருக்கிறது. "மியூட்டேஷன் ஆகிவிட்டது, வரி ரசீது இருக்கிறது, சி.இ.எஸ்.சி. மீட்டர் இருக்கிறது."

வாங்க நினைக்கும் வாசகர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மியூட்டேஷன் என்பது வரிப் புத்தகத்தில் பெயர் மாற்றுவது. கார்ப்பரேஷன் வரி வாங்குகிறது என்பதால் கட்டடம் சட்டப்படி கட்டியதாகிவிடாது. விதி மீறிய கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். மீட்டர் கரண்டை அளக்கிறதே தவிர தூணின் பலத்தை அளப்பதில்லை. கேட்க வேண்டியவை இரண்டு காகிதங்கள்: கார்ப்பரேஷன் முத்திரையிட்ட பிளான், கட்டி முடிந்த பின் கொடுக்கும் பணி முடிவுச் சான்றிதழ். பிளானில் மூன்று மாடி இருந்து எதிரே ஐந்து மாடி நின்றால் எண்ணிப் பார்க்க இஞ்சினீயர் தேவையில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. "பாங்குக் கடன் வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், பாங்குக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பிராவிடண்ட் பண்டிலிருந்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் கடன் எடுத்து அந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு 400-வது பிரிவின் நோட்டீஸ் வந்ததும் வக்கீலைத் தேடி ஓடுகிறவர்கள் நம்மில் உண்டு.

அமல் நடத்துவதில் உள்ள பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது. இடிக்கும் உத்தரவு வருகிற சமயத்தில் புரமோட்டர் பணத்தோடு அடுத்த மனைக்குப் போய்விடுகிறார். நோட்டீஸ் ஒட்டப்படுவது வாங்கியவர் கதவில். கடப்பாரை விழுவது வாடகைக்காரர் சமையலறையில். கல்கத்தா ஐகோர்ட்டு பல வழக்குகளில் கடுமையாக இடிப்பு உத்தரவு போட்டிருக்கிறது. அதில் தவறு காண முடியாது. விதி மீறிய சுவரை நீதிமன்றம் வேறென்ன செய்யும்? ஆனால் கேஸ் ஐகோர்ட்டுக்கு வரும்வரை காத்திருந்த நிர்வாகம் தன் வேலையைச் செய்யவில்லை என்பதும் அதே உத்தரவில் தெரிகிறது.

அஸ்திவாரம் தோண்டி, தரைமட்டத்துக்குச் சுவர் எழும்பும் கட்டத்தில் ஓர் இஞ்சினீயர் வந்து பார்த்தால் என்ன நஷ்டம்? மண் பரிசோதனைக் காகிதம் இருக்கிறதா, கம்பி பிளானில் உள்ளபடி போட்டிருக்கிறதா, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்க அரை நாள் போதும். அந்த நாளில் வேலையை நிறுத்தினால் இழப்பு புரமோட்டருக்கு மட்டும். அதுவும் சில வண்டி செங்கல், சில டன் கம்பி. எந்தக் குடும்பமும் தெருவுக்கு வராது. அதே கட்டடத்தை ஐந்து மாடி ஆன பிறகு இடித்தால் இருபது குடும்பம் தெருவில். ஆகவே தரைமட்டத்தில் ஒரு முறை, ஒவ்வொரு மாடிக் கான்கிரீட்டுக்கு முன்பும் ஒரு முறை, பார்த்தேன் என்று எழுத்தில் கையெழுத்து வேண்டும். ரயில்வேயில் ஒரு வண்டி புறப்பட எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள்! விபத்து நடந்தால் எந்தப் பதிவேட்டில் யார் எழுதினார் என்று மறுநாளே எடுத்துவிடலாம். ஒரு வீடு அறுபது வருஷம் நிற்க வேண்டியது. அதன் பதிவேடு எங்கே?

அபராதம் வாங்கிக்கொண்டு மீறலை ஒழுங்குபடுத்துவது என்ற பழக்கமும் இருக்கிறது. ஜன்னல் ஓர் அடி தள்ளிப்போனதற்கு அபராதம் போடுவது சரி. தூண் தாங்காத மாடிக்கு அபராதம் வாங்கினால் பணம் கஜானாவுக்குப் போகும், பாரம் தூணின் மேலேயே இருக்கும். துருக்கியில் 2018-ல் தேர்தல் காலத்தில் லட்சக்கணக்கான விதி மீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6-ந் தேதி பூகம்பம் வந்தது. அந்த நாட்டில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே பார்க் ஸ்டிரீட்டில் 2010 மார்ச் 23-ந் தேதி ஸ்டீபன் கோர்ட்டில் தீப்பிடித்து 43 பேர் இறந்தபோது, மேல் இரண்டு மாடிகள் விதி மீறிக் கட்டியவை என்பது வெளியே வந்தது. அது அவ்வளவு நாள் எல்லார் கண் முன்னாலும்தான் நின்றுகொண்டிருந்தது.

கண்டிப்பு வந்தால் வீட்டு வாடகை ஏறும், ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி சாமானியமானதல்ல. நாம் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. வாடகை ஓரளவு ஏறத்தான் செய்யும். ஒன்றரை கட்டா நிலம் வைத்திருப்பவர் விதிப்படி நான்கு பக்கமும் இடம் விட்டால் நடுவில் ஒரு கோழிக்கூடுதான் மிஞ்சும். பிளான் பாஸாக நாள் கணக்கில் அலைய வேண்டும்; சட்டப்படி கட்டுகிறவன் அலைகிறான், மீறுகிறவன் அதற்குள் இரண்டாவது மாடிக்குப் போய்விடுகிறான். சிறு மனைகளுக்கும் பஸ்தி நிலங்களுக்கும் சர்க்காரே பலமான, மலிவான சில மாதிரி பிளான்களைத் தயாரித்து, அவற்றின்படி கட்டுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுமதி கொடுக்க வேண்டும். பக்கத்து இடைவெளி போன்ற விஷயங்களில் சிறு மனைக்குச் சலுகை காட்டலாம். தூணிலும் மண்ணிலும் தீயிலிருந்து தப்பும் வழியிலும் சலுகை காட்டக் கூடாது.

வடக்குக் கொல்கத்தாவில் "ஆபத்தான வீடு" என்று கார்ப்பரேஷன் பலகை மாட்டிய பழைய வீடுகளில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சுவரில் ஆலமரம் முளைத்திருக்கிறது. உள்ளே தூளி ஆடுகிறது. வெளியேறினால் குடிக்கூலி உரிமை போய்விடும் என்ற பயம். புதுக் கட்டடத்தில் அவர்களுக்கு இடம் உண்டு என்று சட்டம் சொன்னாலும், கையில் காகிதம் கிடைக்காதவரை எந்த வாடகைக்காரரும் நகர மாட்டார். நகராதவரைக் குறை சொல்லவும் முடியாது.

சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 17-ந் தேதி கொடுத்த தீர்ப்பில் வழி தெளிவாக இருக்கிறது. கட்டும் இடத்தில் அனுமதி பெற்ற பிளானை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது சென்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பணி முடிவுச் சான்றிதழ் இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது. பாங்குகள் சான்றிதழைப் பார்த்த பிறகே கடன் கொடுக்க வேண்டும். தவறிய அதிகாரிகள் மீது இலாகா நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். கொல்கத்தாவுக்கும் பொருந்தும், பஞ்சாயத்துக்கும் பொருந்தும்.

மாநில சர்க்கார் இதை ஒரே விதிப் புத்தகமாக்கி ஹௌராவுக்கும் நியூ டவுனுக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் சேர்த்து வெளியிட வேண்டும். பஞ்சாயத்துகளுக்கு ஜில்லா அளவில் இஞ்சினீயர்களைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டட வாசலிலும் மாட்டும் பலகையில் பிளான் நம்பர், அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கை, அஸ்திவாரத்தைப் பார்வையிட்ட இஞ்சினீயரின் பெயர், பார்த்த தேதி ஆகிய நான்கும் வங்காளியிலும் ஹிந்தியிலும் இருக்க வேண்டும். மாடியை எண்ணிப் பார்த்து, பலகையில் உள்ளதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் வார்டு ஆபீசுக்கு எழுதிப் போட பக்கத்துக் குடிசைக்காரருக்கும் அப்போது முடியும்.